எதிர்ப் பக்கத்துக்கு ஓர் ஆள்

என் அண்ணன் இந்த ஊரில் எதிர்க்காத விஷயமே கிடையாது. பிளாஸ்டிக் பைத் தடையை எதிர்த்திருக்கிறான். எல்லாரும் கட்டாயம் ஓட்டுப் போட வேண்டும் என்றதை எதிர்த்திருக்கிறான். ரவுண்டானா நடுவில் இருந்த சிலையை எடுப்பதை எதிர்த்தான். மூன்று வருஷம் கழித்து அதன் பக்கத்தில் இன்னொரு சிலை வைப்பதையும் எதிர்த்தான். மிருகக்காட்சிச் சாலையை மூடுவது, பள்ளிக்கூடத்தில் சீருடையை நீக்குவது, பழைய தியேட்டரை இடிப்பது என்று எதையும் அவன் விட்டுவைக்கவில்லை. வானொலியில் அவன் குரலைக் கேட்டவர்கள், இந்த ஆளுக்குப் பெண்டாட்டியாக வாய்த்தவள் பாவம் என்று நினைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அல்லவா தெரியும்! சாப்பாட்டில் உப்பே இல்லாவிட்டாலும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு, தட்டையும் கழுவி வைத்துவிட்டுப் போகிற ஆள் அவன். அத்தனை எதிர்ப்புக்கும் காரணம் நான்தான். எனக்கு ஆள் தேவைப்பட்டது, அவன் எதிர்த்தான்.

நான் வேலை பார்த்தது ஒரு சின்ன வானொலி நிலையம். தபால் அலுவலகத்துக்கு மேலே, மாடியில் மூன்றே அறைகள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு 'இரு பக்கம்' என்று ஒரு நிகழ்ச்சி. ஒரு கேள்வி, ஒரு மணி நேரம், ஆதரவாக மூன்று பேர், எதிர்ப்பாக மூன்று பேர். என் மேஜையில் நான்கு தொலைபேசிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சிவப்பு பல்பு. பல்பு எரிந்தால் எடுக்க வேண்டும். "ஆதரவா, எதிர்ப்பா?" என்று கேட்க வேண்டும். ஆதரவு என்றால் பச்சைச் சீட்டு, எதிர்ப்பு என்றால் ரோஸ் சீட்டு. பேசுகிறவரின் தெருப் பெயரை அதில் எழுதி, கண்ணாடித் தடுப்புக்குக் கீழே இருக்கும் இடுக்கு வழியாக அறிவிப்பாளரிடம் தள்ள வேண்டும். கேட்பதற்கு என்னவோ சுலபம்தான். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அந்த அறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு என்னவோ செய்கிறது. சுவர் முழுக்க அட்டைப் பலகை, சூடேறிய கருவிகளின் வாசனை, ஃபிளாஸ்கில் ஆறிப்போன டீ. கீழே தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தும் சத்தம் தரை வழியாக டொக் டொக் என்று ஏறி வரும். ஒலிபரப்பில் அது கேட்காது. எனக்கு மட்டும் காலில் தெரியும். இப்போதெல்லாம் அவரவர் கையில் ஒரு போன், அவரவருக்கு ஒரு கருத்து, எதிர்ப் பக்கம் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தாலும் திட்டுவதற்குத்தான் தேடுகிறார்கள். நாங்கள் எதிர்ப் பக்கத்தைத் தேடித் தேடிக் கூட்டி வந்து, நாற்காலி போட்டு உட்கார வைத்தோம்.

கூட்டி வரச் சொன்னவர் எங்கள் தயாரிப்பாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. "மூணுக்கு மூணு இருக்கணும். ஒரு தட்டு தூக்கினா அது விவாதம் இல்லம்மா, பாராட்டு விழா" என்பார். நல்ல மனுஷர்தான். ஆனால் கோபம் வந்தால் வழுக்கைத் தலை முழுக்கச் சிவந்துவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தச் சிவப்பைப் பார்த்தால் எனக்கு நான்கு பல்பும் ஒன்றாக எரிவது போல இருக்கும்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம். பிளாஸ்டிக் பையைத் தடை செய்யலாமா என்பது கேள்வி. வந்த அழைப்பு எல்லாம் பச்சை. ஊரே தடை செய்யலாம் என்கிறது. பத்தரை ஆகியும் ஒரு ரோஸ் சீட்டு இல்லை. தராசின் தலை சிவக்க ஆரம்பித்தது. அப்போது எனக்குப் பாடமாகத் தெரிந்த ஒரே எண், அண்ணன் வேலை பார்த்த சலவை ஆலையின் எண். சுழற்றிவிட்டேன்.

"அண்ணா, பிளாஸ்டிக் பையை நிறுத்தக் கூடாதுன்னு ரெண்டு நிமிஷம் பேசு."

"நான் எதுக்குப் பேசணும்? நிறுத்தினா நல்லதுதானே. நம்ம வீட்டுக்குப் பின்னால கால்வாய்ல பாரு, எவ்வளவு..."

"உன் கதையெல்லாம் அப்புறம் சொல்லு. எதிர்ப் பக்கத்துக்கு ஆள் இல்ல. என் வேலை போயிடும்ணா!"

"சரி, லைனைக் குடு" என்றான்.

வானொலியில் அவன் சொன்ன முதல் சொற்கள் இன்றைக்கும் காதில் இருக்கின்றன. "எல்லாம் சரிதான், ஆனா..." என்று ஆரம்பித்தான். மீனைக் காகிதத்தில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோன ஒருத்தருக்குப் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களா என்று கேட்டான். சட்டைக் கையில் அந்தத் தண்ணீர் சொட்டிய பிறகும் நீங்கள் இயற்கையை நேசித்தால் நீங்கள் மகான் என்றான். அறிவிப்பாளர் சிரித்து மேஜையைத் தட்டிவிட்டார். தராசு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு அப்பாடா என்று உயிர் வந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது, பதினோரு வருஷம் நடந்தது. செவ்வாய்க்கிழமை சாயந்தரம் நான் அண்ணன் வீட்டுக்குப் போவேன். அவன் செருப்பைக் கழற்றும்போதே கேட்பான், "நாளைக்கு எந்தப் பக்கம் ஆள் குறையுது?" பெரும்பாலும் எதிர்ப்புதான் குறையும். கேள்வியைச் சொன்னால் போதும். மறுநாள் பத்தே முக்காலுக்குச் சரியாக என் நான்காவது பல்பு எரியும்.

அவன் சலவை இயந்திரப் பிரிவில் இருந்தான். மருத்துவமனை, ஓட்டல், ரயில் எல்லாவற்றின் படுக்கை விரிப்புகளும் அங்கேதான் வந்து வெளுக்கும். நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வேலை. ஆலையில் ஒரே தொலைபேசி, அதுவும் சோப்புக் கிடங்கில். கதவைச் சாத்தினாலும் இயந்திரச் சத்தம் காதைப் பிளக்கும். அதனால் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். வெளுத்த விரிப்பு நான்கைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அதற்குள்ளே ரிசீவரை வைத்துப் பேசுவான். அவன் குரல் அதனால் பஞ்சுக்குள்ளிருந்து வருவது போல மெத்தென்று இருக்கும். "கால்வாய்த் தெரு நேயர் குரல் எவ்வளவு இதமா இருக்கு, ஏதாவது பாட்டு வாத்தியாரா இருப்பாரோ?" என்று அறிவிப்பாளர் என்னைக் கேட்டார். ஒரு முக்காட்டுக்குள் வியர்த்து ஒழுகிக்கொண்டு ஒரு மனுஷன் நிற்கிறான் என்று நான் எப்படிச் சொல்வேன்?

எப்போதும் 'எல்லாம் சரிதான், ஆனா' என்றே ஆரம்பிப்பதால் ஊர் அவனுக்கு ஆனாக்காரர் என்று பெயர் வைத்தது. ஓட்டு விஷயத்தில், "வர மாட்டேங்கிறவன் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தா, அவன் கண்ண மூடிக்கிட்டுத்தான் குத்துவான். அந்தக் குத்து நமக்கு வேணுமா?" என்று கேட்டான். சிலையை எடுக்கக் கூடாது என்றபோது, "தலைவரைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. அந்தப் புறாக்கள் எல்லாம் எங்க போய் உட்காரும், உங்க வீட்டு மாடியிலயா?" என்றான். ஆலையில் இஸ்திரிப் பிரிவில் ஒரு வானொலிப் பெட்டி உண்டு. அங்கே தலைமை இஸ்திரிக்காரர் அண்ணனின் உயிர் நண்பர். புதன்கிழமை அவன் கிடங்கிலிருந்து வெளியே வந்ததும், "வாய்யா எதிர்க்கட்சித் தலைவரே" என்று தோளில் கை போடுவாராம். வீம்புக்குப் பேசுகிறான் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். தங்கைக்காகப் பேசுகிறான் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். அவன், நான், அண்ணி.

எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. நிகழ்ச்சிக்கான கேள்விகளை நேயர்கள்தான் தபால் அட்டையில் எழுதி அனுப்புவார்கள். அட்டைகளைப் பிரித்து, உருப்படியானதை ஒரு தட்டில் வைத்து, தராசின் மேஜைக்குக் கொண்டுபோவதும் என் வேலை. ஒரு நாள் ஓர் அட்டை வந்தது. பெயரில்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குண்டு குண்டாக எழுதியிருந்தது. 'கால்வாயைக் கெடுக்கும் சலவை ஆலையை மூட வேண்டுமா? இதையும் ஒரு நாள் கேளுங்கள்.' எனக்குத் திக்கென்றது. அண்ணனின் ஆலை. ஆனாலும் அட்டை நன்றாக இருந்தது. நானே அதைத் தட்டில் மேலாக வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து என் தலையில் இன்னொரு கல் விழுந்தது. அந்தப் புதன்கிழமை அண்ணன் காய்ச்சலில் படுத்துவிட்டான். எதிர்ப்பில் ஒருவர்தான் கிடைத்தார். நிகழ்ச்சி முடிந்ததும் தராசு தலை சிவக்க வந்து நின்றார். "அடுத்த வாரமும் ஒரு தட்டு காலியா இருந்தா, அதுக்கப்புறம் நீங்க வீட்ல இருந்தே ரேடியோ கேட்கலாம்" என்றார். அடுத்த வாரக் கேள்வி எது என்று மேஜையைப் பார்த்தேன். சலவை ஆலை அட்டை.

அன்று சாயந்தரமே அண்ணன் வீட்டில் உட்கார்ந்து அழுதேன். நூற்றுப் பன்னிரண்டு குடும்பம் சோறு தின்கிற இடத்தை மூடச் சொல்லி யார் பேசுவார்கள்? இந்த முறை எதிர்ப்புக்குக் குறைவே இருக்காது, ஆதரவுத் தட்டுதான் காலியாகும். அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "உன்னை நான் கேட்க மாட்டேண்ணா. இது உன் இடம். என் வேலை போனா போகட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அதற்காக என்னை நானே மெச்சிக்கொள்ளவும் செய்தேன்.

புதன்கிழமை வந்தது. நான் நினைத்தது போலவே எல்லாம் ரோஸ். ஆலைத் தொழிலாளர்களின் மனைவிகள், மளிகைக் கடைக்காரர், ஓர் ஓட்டல் முதலாளி. பச்சைக்கு ஒருவரை எங்கிருந்தோ பிடித்தேன், ஓய்வு பெற்ற ஆசிரியர். பாவம், இரண்டு நிமிஷம் இருமிவிட்டு வைத்துவிட்டார். பத்தே முக்கால். நான்காவது பல்பு எரிந்தது.

"ஆதரவா, எதிர்ப்பா?"

"ஆதரவு."

"அண்ணா, வேண்டாம். வச்சிடு."

"நேயர்கிட்ட இப்படித்தான் பேசுவியா? சீட்டை எழுது, பாப்பா."

லைனைத் துண்டிக்கும் பொத்தானின் மேல் என் விரல் இருந்தது. அழுத்தியிருக்கலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தராசு பச்சைச் சீட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் அழுத்தவில்லை. கால்வாய்த் தெரு என்று எழுதித் தள்ளினேன். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் அந்த விரலை வெட்டிப் போடலாமா என்று நினைத்திருக்கிறேன் தெரியுமா?

அவன் குரல் வந்தது. ஆனால் பஞ்சுக்குள்ளிருந்து வரவில்லை. இயந்திரச் சத்தம் தடதடவென்று ஒலிபரப்பில் நிறைந்தது. கிடங்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முக்காடு இல்லாமல், சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினான். 'எல்லாம் சரிதான், ஆனா' என்று ஆரம்பிக்கவில்லை.

"நான் அந்த ஆலையிலதான் வேலை செய்யறேன். இப்பவும் அங்கேருந்துதான் பேசறேன். அழுக்குத் தண்ணியத் தெளிய வைக்கிற தொட்டி ஒண்ணு இங்க இருக்கு. நாலு வருஷமா அது காஞ்சு கிடக்கு. உடைஞ்ச தள்ளுவண்டிய அதுக்குள்ள போட்டு வச்சிருக்கோம். பார்வையிட ஆள் வர்றாங்கன்னா, முதல் நாள் வண்டிய எடுத்துட்டுத் தண்ணி நிரப்புவோம். அவங்க போனதும் பழையபடி வண்டி. சோப்பு, சலவைக் காரம், ஆஸ்பத்திரித் துணியோட ரத்தம், எல்லாம் நேரா கால்வாய்க்குப் போகுது. வேற யாரையும் நான் குத்தம் சொல்லல. அந்தத் தண்ணிய வெளியேத்தற வால்வைத் தினம் ரெண்டு தடவை திறந்து விடற கை என்னோடது. பத்தொன்பது வருஷமா திறக்கறேன். மூடுங்க. தொட்டியச் சரி பண்ணிட்டுத் திறங்க. அதுவரைக்கும் மூடுங்க."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே சத்தம் குறைந்தது. இஸ்திரிப் பிரிவில் வானொலி ஓடிக்கொண்டிருந்ததல்லவா? ஒவ்வோர் இயந்திரமாக நிறுத்திவிட்டு ஆட்கள் வந்து நிற்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. கடைசி இயந்திரமும் நின்ற பிறகு அவன் கத்த வேண்டியிருக்கவில்லை. "அவ்வளவுதான்" என்று மெதுவாகச் சொன்னான். எங்கள் அறையில் தபால் முத்திரைச் சத்தம் மட்டும் என் காலுக்குக் கீழே.

மதியமே அவன் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விடிகாலையிலேயே சொல்லாமல் கொள்ளாமல் அதிகாரிகள் வந்தார்கள், தொட்டியில் தள்ளுவண்டி இருந்தது, ஆலைக்குப் பூட்டு விழுந்தது. ஐந்து மாதம் பூட்டு. அந்த ஐந்து மாதம் கால்வாய்த் தெருவில் அண்ணன் நடந்து போனால் ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும். தவளை தன் வாயால் கெட்டது என்று அவன் காதுபடவே சொன்னார்கள். அவனோடு சேர்த்து நூற்றுப் பதினோரு பேரும் அல்லவா கெட்டார்கள் என்று கேட்டவர்களும் உண்டு. பூட்டுத் திறந்தபோது தொட்டி புதிதாக இருந்தது. எல்லாரையும் திரும்ப எடுத்தார்கள். அவனைத் தவிர. இஸ்திரிக்காரர் வேலைக்குத் திரும்பின பிறகும் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஐந்து மாதத்தில் அவர் மகளுக்கு நிச்சயம் செய்திருந்த கல்யாணம் நின்றுபோயிருந்தது.

என் வேலை தப்பியது. தராசு எனக்கு ஒரு பேனா பரிசளித்தார். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அண்ணனுக்கு எட்டு மாதம் கழித்து மருத்துவமனையில் லிஃப்ட் இயக்கும் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அதிலேயே இருந்தான். ஒரு ஸ்டூல், ஒரு சின்ன மின்விசிறி, ஏழு பொத்தான். "எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்டால், "மேலன்னா மேல, கீழன்னா கீழ. இங்க எதிர்ப்புக்கு வேலையே இல்ல பாப்பா" என்று சிரிப்பான். அவன் சிரித்தால் எனக்கு அழுகை வரும். வானொலிக்கு அதன்பின் அவன் ஒருமுறைகூடப் பேசவில்லை. நான் கேட்கவும் இல்லை. நான்காவது பல்பு எரியும்போதெல்லாம், இருபத்தோரு வருஷமும், ஒரு நொடி என் மனசு அடித்துக்கொள்ளும். எடுத்தால் வேறு யாராவது பேசுவார்கள்.

அண்ணி என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். போனால் டீ தருவாள், நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். நான் அவள் புருஷனின் பிழைப்பைக் கெடுத்தவள், எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நியாயமான கோபம். நானாக இருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன்.

நான் போன வருஷம் ஓய்வு பெற்றேன். இப்போது ஊரில் புதுச் சண்டை ஒன்று. கால்வாயின் மேல் கான்கிரீட் போட்டு மூடி, கார் நிறுத்துமிடம் ஆக்கப்போகிறார்களாம். போனைத் திறந்தால் இதே கூச்சல். மூடு என்கிறவன் மூடாதே என்கிறவனின் வம்சத்தையே இழுக்கிறான். எனக்கும் ஒரு கருத்து உண்டு. எனக்கு எல்லாவற்றிலும் கருத்து உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் ஆதரவா எதிர்ப்பா என்று ஊரைக் கேட்டவளிடம், நீ எந்தப் பக்கம் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. அது கிடக்கட்டும்.

போன வாரம் ஒரு காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் கடைக்குப் போயிருந்தான். அண்ணி சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கை அள்ளி உரிக்க ஆரம்பித்தேன். பின்பக்க ஜன்னல் வழியாகக் கால்வாய் தெரிந்தது. தண்ணீர் பளிங்கு மாதிரி என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நுரை இல்லை, நாற்றம் இல்லை, எதிர்க்கரையில் இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் தொண்டையில் இருந்தது வெளியே வந்துவிட்டது.

"அண்ணி, அன்னைக்கு நான் அந்த லைனைக் கட் பண்ணியிருக்கணும். அழுத்தாம விட்டது என் தப்புதான். என் வேலைக்காக அவன் பேசினான். அவன் வாழ்க்கையையே நான் கெடுத்துட்டேன். நீங்க என்னைத் திட்டியாவது இருக்கலாம்."

அண்ணி பட்டாணித் தட்டைக் கீழே வைத்தாள். அத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அந்தக் கார்டை எழுதினது நான்."

"எந்தக் கார்டு?"

"ஆலைய மூடணுமான்னு கேட்டு வந்துச்சே, அது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவர் கையெழுத்து உனக்குத் தெரியும், என் கையெழுத்தும் கொஞ்சம் தெரியும். அதனாலதான் ஸ்கேல் வச்சுக் குண்டு குண்டா எழுதினேன். நாலு கார்டு வீணாப் போச்சு."

கோடு போட்ட அந்த அட்டை கண்ணுக்கு முன்னால் வந்தது. பிரித்தவள் நான். தட்டில் மேலாக வைத்தவள் நான்.

"நீ வந்து அழுதது அதுக்கப்புறம்தான். நீ அழலைன்னாலும் அவர் பேசியிருப்பார். அந்த வால்வைத் திறந்துட்டு வந்து சாப்பாட்டுல கை வைக்க மாட்டாரு. கைய மூணு தடவை, நாலு தடவை கழுவுவாரு. பக்கத்து வீட்டுப் பசங்க கால்வாய்ல இறங்கி, காலெல்லாம் தோல் உரிஞ்சு வந்தப்போ, அன்னைக்கு ராத்திரிச் சாப்பாடே சாப்பிடல. வெளியில சொன்னா யார் கேட்பா? மேலதிகாரிகிட்ட ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தாரு. அப்புறம்தான், 'என் தங்கச்சி நிகழ்ச்சியில சொன்னா ஊரே கேட்கும்'னு சொன்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கார்டைக் கிழிச்சிருப்ப."

கிழித்திருப்பேன். சத்தியமாகக் கிழித்திருப்பேன்.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே அண்ணி! இருபத்திரண்டு வருஷம்!"

"சொல்ல வந்தாரே. அந்த வாரமே உன் வீட்டுக்கு வந்தாரு. நீ என்ன செஞ்ச? 'பேசாதண்ணா, எனக்கு எல்லாம் தெரியும்'னு வாயப் பொத்தி அழுதியாம். அதுக்கப்புறமும் ரெண்டு மூணு தடவை. நீ பேசவே விடல. சரி, தங்கச்சிக்காகப் பேசினேன்னு அவ நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும், அதுல அவளுக்கு ஒரு பாசம் இருக்குன்னு விட்டுட்டாரு. நான் உன் முகத்தைப் பார்த்தா சொல்லிடுவேன். அதான் பார்க்கறதில்ல."

நான் எத்தனை செவ்வாய்க்கிழமை இந்த வீட்டுக்கு வந்திருப்பேன்! கேள்வியைச் சொன்னேன், பக்கத்தைச் சொன்னேன், நேரத்தைச் சொன்னேன். பதினோரு வருஷத்தில் ஒரு நாளாவது, 'நீ என்ன நினைக்கிறேண்ணா?' என்று அவனைக் கேட்டேனா? முதல் நாளே அவன் கால்வாயைப் பற்றித்தான் சொல்ல வந்தான். உன் கதையெல்லாம் அப்புறம் சொல்லு என்றவள் நான். அந்த அப்புறம் வரவே இல்லை. ஊர் முழுக்க வாய் இருக்கிறவர்களுக்கு லைன் கொடுத்தேன். கூடப் பிறந்தவனுக்கு, அவனே அட்டை போட்டு, வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

"இஸ்திரிக்காரர் விஷயம் மட்டும்தான் அவருக்கு இன்னும் உறுத்துது" என்றாள் அண்ணி. "இப்பவும் அந்தத் தெரு வழியாப் போக மாட்டாரு. சுத்திப் போவாரு. கடைக்குப் போக அரை மணி ஆகறது அதனாலதான்."

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. அண்ணன் ரொட்டியும் காகிதப் பையுமாக உள்ளே வந்தான். அறுபத்தைந்து வயது, முடியெல்லாம் பஞ்சு. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன, ரெண்டு பேரும் பேசிக்கிறீங்க? மழை வரப்போகுதா?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்ன கேட்பது என்று தெரியாமல், ஊரில் எல்லாரும் கேட்பதையே கேட்டேன்.

"அண்ணா, கால்வாய மூடிக் கார் நிறுத்தப் போறாங்களாம்."

"ஆமா, கேள்விப்பட்டேன்." பையை மேஜைமேல் வைத்தான். பழக்கம் எங்கே போகும்? "எந்தப் பக்கம் ஆள் குறையுது?" என்று கேட்டான்.

"எந்தப் பக்கமும் குறையலண்ணா. நீ என்ன நினைக்கிற?"

அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி தலையைக் குனிந்து பட்டாணியை எடுத்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஜன்னல் வழியாகக் கால்வாயைப் பார்த்தான். பிறகு குழாயைத் திறந்து கையைக் கழுவினான். ஒரே ஒரு தடவை. துண்டில் துடைத்துக்கொண்டு, என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"நேரம் இருக்கா உனக்கு?" என்றான். "ரெண்டு நிமிஷத்துல முடியாது."

"இருக்குண்ணா" என்றேன்.